பைலட் பயிற்சியில் குமட்டல் வந்தால்: முதல் வகுப்பிலிருந்து சோலோ (தனியாகப் பறப்பது) வரை செய்ய வேண்டியவை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையாக வந்து, இரண்டாவது மூன்றாவது வகுப்பிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர்கள் நிறையப் பேர். "நம்ம உடம்புக்கு இது ஒத்துவராது" என்று பலர் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலானவர்களுக்குப் பறக்கப் பறக்க இது குறைந்துவிடுகிறது. ஆனால் எப்படிப் பழக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாங்கினால் உடம்பு பழகிவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. அப்படித் தாங்கினால் உடம்பு குமட்டலைத்தான் கற்றுக்கொள்ளும். சிலருக்கு காக்பிட் வாசனை பட்டாலே, இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே வாயில் எச்சில் ஊற ஆரம்பிப்பது இதனால்தான். குமட்டல் ஏறுவதற்கு முன்பே நிறுத்துங்கள், சீக்கிரமே திரும்பப் பறங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாத்தியமாக்கத்தான்.

இது செஸ்னா 152, 172, பைப்பர் பிஏ-28 போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் கற்பவர்களுக்காக எழுதியது.

1. எது குமட்ட வைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஓட்டோலித் உறுப்புகள் ஏற்ற இறக்கத்தையும் வேகம் கூடிக் குறைவதையும் உணர்கின்றன. கண் காக்பிட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் "எதுவும் அசையவில்லை" என்கிறது. காது "அசைகிறது" என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வருகிறது.

பயிற்சிக்கு உதவும் மூன்று விவரங்கள்:

வெடுக் வெடுக்கென்ற குலுக்கலை விட மெதுவான ஏற்ற இறக்கம்தான் அதிகம் புரட்டும். சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவு மிக மோசம். வெயில் நேரத்து வெப்பக் காற்றில் சிறிய விமானம் மிதப்பது கிட்டத்தட்ட இப்படித்தான்.

ஒரே சீரான திருப்பத்தில் பத்து இருபது விநாடி போனதும், குழாய்க்குள் இருக்கும் திரவம் விமானத்தோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். திரும்பிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வே போய்விடும். அந்த நேரத்தில் தலையைக் குனிந்தால், உருண்டு விழுவது போன்ற பொய் உணர்வு ஒன்று கிளம்பும். காட்சியாகச் சொன்னால்: இடதுபக்கத் திருப்பத்தில் இருக்கிறீர்கள், பென்சில் கீழே விழுகிறது, குனிந்து எடுத்து நிமிர்கிறீர்கள். அந்த நான்கு விநாடி போதும், மீதி வகுப்பு கெட்டுவிடும். பென்சிலை நூலில் கட்டி நீபோர்டில், அதாவது தொடையில் கட்டும் எழுது பலகையில், மாட்டுங்கள்.

கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவருக்குக் குமட்டல் குறைவு. அடுத்த அசைவு என்ன என்பது அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். காரை ஓட்டுபவருக்கு வராமல் பின்சீட்டில் இருப்பவருக்கு வருவதும் இதே காரணத்தால்தான்.

2. பறக்கும் முன் முடிக்க வேண்டிய காகித வேலை

மருத்துவச் சான்றிதழுக்கான படிவத்தில் இதைப் பற்றிய கேள்வி இருக்கலாம். உதாரணமாக, அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் படிவம் 8500-8-இல் 18-ஆவது கேள்வியின் ஒரு பிரிவு, மருந்து தேவைப்படும் அளவுக்குப் பயணக் குமட்டல் இருந்ததா என்று கேட்கிறது. சிறு வயதில் பஸ்ஸில் வாந்தி எடுத்தது, எப்போது நின்றது, மருந்து எடுத்தீர்களா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் விமான மருத்துவரிடம் நேராகவே சொல்லுங்கள். பொதுவாக இதற்காக மட்டும் யாரையும் நிராகரிப்பதில்லை. மறைத்து, பிறகு வெளியே வந்தால் அதுதான் உரிமத்தையே பாதிக்கும்.

பெரிய தொகை கட்டிச் சேர்வதற்கு முன்பே மருத்துவச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். காதில் சீழ், அடிக்கடி தலைச்சுற்றல், ஒற்றைத் தலைவலி இருந்தால் இது கட்டாயம்.

பறந்த நேரம் பத்து நிமிடமாக இருந்தாலும் லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தின் பதிவேட்டில், ஏற்றச் சொல்லுங்கள். பாதியில் திரும்பி வந்த வகுப்பும் பயிற்சி நேரம்தான்.

இதோடு உங்களுக்கென்று ஒரு தனி நோட்டு வையுங்கள். தேதி, நேரம், காற்று, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், டேக்-ஆஃப் ஆகி எத்தனையாவது நிமிடத்தில் முதல் அறிகுறி வந்தது, அப்போது என்ன பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆறு வகுப்பு எழுதினாலே உங்களுக்கு எது ஆகவில்லை என்பது தெரிந்துவிடும். பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பதும் இந்த விவரங்களைத்தான்.

3. பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

"இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே, பாதியில் எப்படி இறங்குவது" என்ற எண்ணம்தான் மாணவர்களைத் தேவைக்கு மேல் மேலே உட்கார வைக்கிறது. அந்த எண்ணம் எழாதபடி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சேரும்போது நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பாதியில் திரும்பினால் பறந்த நேரத்துக்கு மட்டும்தான் கட்டணமா, அல்லது குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் என்ற விதி இருக்கிறதா? வானிலையால் ரத்து செய்ய எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்? முன்பணமாகக் கட்டியது திரும்பக் கிடைக்குமா? கட்டணம் ஹாப்ஸ் மீட்டர்படியா, டாக் மீட்டர்படியா?

கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஹாப்ஸ் மீட்டர் கடிகாரம் போல ஓடும். பெரும்பாலும் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கணக்கு ஆரம்பம். டாக் மீட்டர் இன்ஜின் சுற்று வேகத்தைப் பொறுத்தது, டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் உருண்டு போகும்போது, மெதுவாகவே நகரும். குட்டிக் குட்டி வகுப்பாகப் பறப்பவருக்குத் தரையில் ஓடும் நேரத்தின் பங்கு அதிகம். அதனால் ஹாப்ஸ் கணக்கில் செலவு கொஞ்சம் ஏறும். முதல் பத்து வகுப்புக்கு இந்தக் கூடுதலையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். மொத்தப் பயிற்சிக்கும் ஒரே தவணையில் கட்டச் சொன்னால், முதலில் ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

4. ஸ்லாட் (பறக்கும் நேரம்) எடுப்பது

சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு. தரை சூடேறாததால் வெப்பக் காற்று மேலே கிளம்பியிருக்காது. நண்பகல் தாண்டி மூன்று நான்கு மணி வரை குலுக்கல் உச்சத்தில் இருக்கும். குமுலஸ் மேகம், அதாவது பஞ்சுப் பொதி போன்ற மேகம் திரண்டிருந்தால் அதற்குக் கீழே குலுங்கும், மேலே பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பலத்த காற்று வீசும் நாளில் மலை, கட்டட வரிசை ஆகியவற்றின் மறுபக்கம் காலையிலும் குலுங்கும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் மேலே முப்பது நிமிடம். வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் பறப்பதை விட இது பல மடங்கு மேல். உடம்பு பெற்ற பழக்கம் இடைவெளியில் கரைந்துவிடும். இரண்டு மூன்று வாரம் விட்டுப் போனால் மறுபடி குட்டி வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

பின்சீட்டில் உட்கார்ந்து மற்ற மாணவரின் வகுப்பைப் பாருங்கள் என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம். தொடுவானம் சரியாகத் தெரியாது, கட்டுப்பாடு கையில் இருக்காது. குமட்டலுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை.

5. முந்தின நாளும் அன்று காலையும்

மது வேண்டாம். பல நாடுகளில் சட்டப்படி எட்டு மணி நேர இடைவெளி போதும் என்றாலும், உங்களுக்கு ஒரு முழு நாள் இடைவெளி வேண்டும். இரத்தத்திலிருந்து போன பிறகும் உள்காதுத் திரவத்தில் அதன் விளைவு கொஞ்ச நேரம் தங்கும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வாந்தி வருமோ என்று பயந்து சாப்பிடாமல் வருவார்கள், காலி வயிறு இன்னும் சீக்கிரம் புரட்டும். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு முன் எண்ணெய், காரம், புளிப்பு இல்லாத லேசான சாப்பாடு, அரை வயிறு. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

எரிபொருள் மாதிரி எடுத்த பிறகு கையைக் கழுவுங்கள். அந்த வாசனை கையிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

6. இருக்கையும் பையும்

இன்ஜின் மூடிக்கு மேலே தொடுவானம் தாராளமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சீட்டை உயர்த்துங்கள், அது முடியாவிட்டால் அழுத்தமான குஷன் போடுங்கள். உயரம் குறைவானவர்கள் பலர் பேனலைப் பார்த்தே பறப்பார்கள், பிறகு ஏன் குமட்டுகிறது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். இடுப்பு பெல்ட் வயிற்றில் அழுத்தாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இருக்கட்டும். ஹெட்செட் பொட்டில் இறுக்கினால் தலைவலி வரும், அதுவே குமட்டலில் கொண்டுபோய் விடும். தளர்த்துங்கள்.

செஸ்னாவில் முன்கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு வட்டக் குழாய் இருக்கும். வெளியே இழுத்துத் திருப்பினால் குளிர்ந்த காற்று நேராக முகத்தில் அடிக்கும். டாக்ஸி செய்யும்போதே அதை முகத்துக்குத் திருப்பி வையுங்கள்.

வாந்திப் பை: ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு, அதற்குள் மடித்த டிஷ்யூ. வாயை இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கம் மடித்து, திறந்த நிலையிலேயே இடது தொடைக்குக் கீழே செருகி வையுங்கள். பைக்குள் பை தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது. சின்னத் தண்ணீர் பாட்டில், ஈரத்துணி ஒன்று, மைக்குக்கு மாற்று ஸ்பாஞ்ச் ஒன்று. பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்ற நிம்மதியே பதற்றத்தைப் பாதி குறைக்கும், பதற்றம் குறைந்தால் குமட்டலும் தாமதமாகும்.

7. இன்ஸ்ட்ரக்டரிடம் எண்ணாகச் சொல்லுங்கள்

"கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்றால் அவருக்கு எதுவும் புரியாது. 0 முதல் 10 வரை ஒரு அளவை முன்கூட்டியே பேசி வையுங்கள். 10 என்றால் வாந்தி.

2 ஆனதும் சொல்லிவிடுங்கள். காரணமில்லாத கொட்டாவி, பெருமூச்சு, முகத்தில் சூடு, தூக்கக் கலக்கம் எல்லாம் இந்தக் கட்டம். பலருக்கு வயிற்றில் எதுவும் தெரிவதற்கு முன்பே கொட்டாவி வந்துவிடும். 4 ஆனால், அதாவது வாயில் எச்சில் ஊறி, மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை அரும்பினால், பயிற்சியை நிறுத்தி நேராக, மட்டமாகப் பறக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் 2-க்கு இறங்காவிட்டால் வீடு திரும்புங்கள். 6 என்றால் கேள்வியே இல்லை, திரும்புங்கள்.

பேசிக்கொண்டே இருந்த நீங்கள் திடீரென்று அமைதியாகிவிட்டாலோ, முகம் வெளுத்தாலோ, அவரே உங்களிடம் எண் கேட்க வேண்டும் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். இதைக் கேட்கவே தயங்க வைக்கும் இன்ஸ்ட்ரக்டர் என்றால் ஆளை மாற்றுங்கள். 1961-இல் வாஸ்டாக் 2 விண்கலத்தில் பூமியைச் சுற்றிய சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தீதோவுக்கே விண்வெளியில் குமட்டியது. அவர் தேர்ந்த போர் விமானி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. வந்துவிட்டால், இந்த வரிசையில்

கட்டுப்பாடு உங்கள் கையில் இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். 5 வரை நீங்களே நேராக ஓட்டுவதுதான் சிறந்த மருந்து. தலையைச் சாய்மானத்தில் ஒட்டி அசையாமல் வையுங்கள். தொடுவானத்தில் தூரத்து மலையோ கோபுரமோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுவது காக்பிட்டுக்குள் பார்ப்பதை விட மேல், ஆனால் விமானம் உங்கள் கையில் இருக்கும்போது அது முடியாது. வயிறு உப்பும்படி நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பிடியைத் தளர்த்தி டிரிம் செய்யுங்கள், அதாவது கை அழுத்தாமலே விமானம் மட்டமாக நிற்கும்படி சரிசெய்யுங்கள். யோக்கை, அதாவது கட்டுப்பாட்டுப் பிடியை, இறுகப் பிடித்தால் விமானம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது நீங்களே உண்டாக்கும் குலுக்கல்.

வாந்தி வருவது உறுதி என்றால்: "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்ற பதில் வந்த பிறகே கையை எடுங்கள். மைக்கை நெற்றிக்கு மேலே தள்ளுங்கள். பையை முகத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். காலை ரடர் (வாலில் இருக்கும் சுக்கான்) பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள், குனியும்போது அறியாமல் அழுத்திவிடுவீர்கள். முடிந்ததும் ஜிப்பை மூடி, வாயைக் கொப்பளித்து அதையும் பையிலேயே துப்புங்கள்.

வாந்திக்குப் பிறகு சில நிமிடம் உடம்பு லேசாகிவிடும். "இப்போ சரியாயிடுச்சு, இன்னும் ரெண்டு டர்ன் போடலாம்" என்று தோன்றும். போடாதீர்கள். இரண்டாவது முறை வருவது முதலாவதை விட மோசமாக இருக்கும். தரையிறங்கிய பிறகும் தூக்கக் கலக்கம் இருக்கும், அது போகும் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

9. எந்தப் பயிற்சியில் எப்படி

பொதுவாக: பேனலில் பக்கவாட்டு வழுக்கலைக் காட்டும் பந்து நடுவில் இருக்கட்டும். ஏலரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பகுதி) மட்டும் திருப்பி ரடரை விட்டால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுத்து, வால் பக்கவாட்டில் வழுக்கும். அந்த வழுக்கல் வயிற்றில் நேராகத் தெரியும். ரடர் பழகியதும் பாதிக் குமட்டல் போய்விட்ட மாணவர்கள் உண்டு.

செங்குத்துத் திருப்பம் (நன்றாகச் சாய்ந்து திரும்புவது): முதலில் 30 டிகிரி சாய்வில் ஒரு முழுச் சுற்று, பிறகு மூன்று நிமிடம் நேராக, பிறகு மறுபக்கம். 45 டிகிரியில் உடம்பின் எடை 1.4 மடங்கு ஆகும், 60-இல் இரண்டு மடங்கு. கண் இன்ஜின் மூடியும் தொடுவானமும் சேரும் இடத்தில் இருக்கட்டும், இறக்கை நுனியைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். திருப்பத்துக்கு முன்பே நின்று நிதானமாகச் சுற்றிலும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை): வகுப்பின் கடைசியில், இரண்டுக்கு மேல் வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் செய்து காட்டும்போதுதான் உங்களுக்கு மோசமாக இருக்கும். அதனால் கன்ட்ரோலில் லேசாகக் கை வைத்துக் கூடவே தொடர அனுமதி கேளுங்கள், ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

மேப் படிப்பது: தரையிலேயே தேவையான பக்கத்துக்கு மடித்து வையுங்கள். மடியில் வைத்துக் குனியாமல், பேனல் விளிம்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, இரண்டு மூன்று விநாடி பார்த்துவிட்டு வெளியே பாருங்கள். டேப்லெட்டைத் தொடையில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பது இன்னும் மோசம். ரேடியோ அலைவரிசையைத் திருப்பத்துக்கு முன் மாற்றுங்கள், திருப்பத்தில் வேண்டாம்.

ஹுட் (வெளியே தெரியாமல் மறைக்கும் தடுப்பு) போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது: தொடுவானம் என்ற பெரிய துணை பறிபோகிறது. முதல் நாள் பத்து நிமிடம் போதும். கழற்றும்போது விமானம் நேராக இருக்கட்டும்.

10. மருந்து

டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், புரோமெத்தசின், சின்னாரிசின் ஆகிய குமட்டல் மருந்துகள் எல்லாமே தூக்கம் வர வைப்பவை. தூக்கம் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் எதிர்வினை மந்தமாகும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வேலை செய்யும், கூடவே பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வையை மங்கச் செய்யும். கருவியையும் மேப்பையும் படிக்க வேண்டியவருக்கு அது ஆகாது. பட்டையைத் தொட்ட விரலைக் கண்ணில் வைத்தால் கண்மணி விரிந்துவிடும்.

தனியாகப் பறக்கும் நாளில் இவற்றில் எதுவும் கூடாது. டைமென்ஹைட்ரினேட் உடம்பில் டைஃபென்ஹைட்ரமினாக மாறுகிறது. அந்த டைஃபென்ஹைட்ரமினுக்கு எஃப்.ஏ.ஏ. சொல்லும் காத்திருப்பு 60 மணி நேரம். "நேற்று ராத்திரி ஒரு மாத்திரைதானே" என்று கணக்குப் போடாதீர்கள். இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும் ஆரம்ப வகுப்புகளில் எடுக்கலாமா என்பதை விமான மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இஞ்சி தூக்கம் தராது, சிலருக்கு உதவுகிறது. பறப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்துப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டை பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை, ஆனால் கெடுதலும் இல்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்த வேண்டும்.

11. இது அசைவால் வந்ததுதானா?

ஹீட்டர் போட்டிருக்கும்போது தலைவலியோடு குமட்டல் வந்தால், கூட இருப்பவருக்கும் ஒரு மாதிரி இருந்தால், கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். இந்த விமானங்களில் புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்துதான் சூடான காற்று வருகிறது. குழாயில் விரிசல் விட்டால் வாசனையே இல்லாத அந்த வாயு உள்ளே வந்துவிடும். ஹீட்டரை அணையுங்கள், எல்லாக் காற்றுத் துளைகளையும் திறவுங்கள், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்குங்கள், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பேனலில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் அட்டைக்குக் காலாவதித் தேதி உண்டு. ஏறும் முன் பாருங்கள்.

தரையில் இருக்கும்போதும் உலகம் சுற்றுவது, காதில் இரைச்சல், ஒரு காது கேட்பது குறைவது ஆகியவை இருந்தால் பறப்பதை நிறுத்திவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள்.

12. எப்போது கூட்டுவது, எப்போது சோலோ

மூன்று வகுப்பு தொடர்ந்து 2-ஐத் தாண்டாவிட்டால் பத்து நிமிடம் கூட்டுங்கள், அல்லது ஒரு புதுப் பயிற்சியைச் சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். 45 நிமிடம் வசதியாக வந்த பிறகு, வேண்டுமென்றே கொஞ்சம் குலுங்கும் காலை பத்து மணி ஸ்லாட் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வகுப்புக்குப் பிறகும் அதே நிமிடத்தில், அதே அளவில் வருகிறது என்றால் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு விமான மருத்துவரிடம் போங்கள். விமானப்படைகளில் இப்படிப்பட்ட மாணவர்களைப் பராணி நாற்காலி என்ற சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, மூச்சுப் பயிற்சியோடு பழக்குகிறார்கள். இது மேற்பார்வையோடு செய்வது. வீட்டில் ஆபீஸ் நாற்காலியில் சுற்றிப் பார்க்காதீர்கள்.

சோலோவுக்கு முன் கடைசி ஐந்து வகுப்பிலும், மருந்து எதுவும் இல்லாமல், சர்க்யூட் (ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கும் சுற்று) முழுக்க 2-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அதில் ஒன்றாவது காற்று அடித்த நாளாக இருக்கட்டும். இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடும்படி நீங்களே கேளுங்கள், லாக்புக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.